ஒப்பந்தத்தில் "நடுத்தீர்ப்பு" என்று இருந்தால்: கையெழுத்துக்கு முன்னும் கடிதம் வந்த பின்னும்

தம்பி அந்தக் கடிதத்தை ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்திருந்தான். கரன்ட் பில், தண்ணீர் பில்லோடு சேர்த்து, ஒரு சாவிக்கொத்துக்குக் கீழே. மூன்று பக்க ஆங்கிலக் கடிதம். "லீசிங்காரர் சும்மா வெருட்டுகிறார்கள் அக்கா. கோர்ட்டில் இருந்து வந்ததில்லைதானே" என்றான். 2021ஆம் ஆண்டு அது. கொரோனாவில் ஓட்டோவுக்கு ஓட்டமே இல்லாமல் ஐந்து தவணை விட்டுப் போயிருந்தது.

அவன் சொன்னது சரிதான், அது கோர்ட்டில் இருந்து வந்த கடிதமில்லை. நடுத்தீர்ப்பாளர் ஒருவரிடமிருந்து, அதாவது பிணக்கு வந்தால் நீதிமன்றத்துக்கு வெளியே கேட்டுத் தீர்ப்புச் சொல்ல நியமிக்கப்படும் ஒருவரிடமிருந்து வந்தது. முதல் அமர்வு எந்தத் திகதி, எங்கே என்று அதில் இருந்தது. நான் வாசித்த அன்றைக்கு அந்தத் திகதி தாண்டி ஒன்பது நாள்.

நான் கொழும்பு புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பதினேழு வருஷமாகத் தட்டச்சு வேலை செய்கிறேன். சட்டத்தரணி இல்லை. ஆனால் இந்த மாதிரிக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு பிந்தி வருகிறவர்களை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளி, வெள்ளவத்தை என்று எல்லா இடத்திலிருந்தும் வருகிறார்கள். எங்கள் ஆட்களில் பலருக்கு ஒப்பந்தம் ஆங்கிலத்தில், கடிதம் ஆங்கிலத்தில், விளங்கப்படுத்த ஆள் இல்லை. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் பலர் இதை மத்தியஸ்த சபை என்று நினைக்கிறார்கள். மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. அங்கே காசு இல்லை. சபையினர் இரண்டு பக்கத்தையும் இருத்திக் கதைத்து இணங்க வைக்கப் பார்ப்பார்கள். நீங்கள் இணங்காவிட்டால் ஒன்றையும் உங்கள் மேல் திணிக்க அவர்களால் முடியாது. நடுத்தீர்ப்பு வேறு. ஆங்கிலத்தில் ஆர்பிட்ரேஷன் என்பது இதைத்தான். அங்கே இருப்பவர் நீதவான் போல இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு சொல்வார். உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த முடிவு உங்களைக் கட்டும். நீதவானுக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, நடுத்தீர்ப்பாளருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியவர்கள் பிணக்கில் இருக்கிற பக்கங்கள்.

இலங்கையில் இதற்கான சட்டம் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம். அதன் 5ஆம் பிரிவுதான் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். பிணக்கு வந்தால் நடுத்தீர்ப்புக்குப் போவோம் என்று எழுத்தில் ஒத்துக்கொண்ட ஒருவர் அதே விஷயத்துக்காக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், மற்றப் பக்கம் எதிர்ப்புத் தெரிவித்தவுடன் நீதிமன்றத்துக்கு அந்த வழக்கைக் கேட்கும் அதிகாரம் இல்லாமல் போகும். "மற்றப் பக்கம் எதிர்ப்புத் தெரிவித்தால்" என்பதைக் கவனியுங்கள். எதிர்க்காவிட்டால் வழக்கு நடக்கும். இது உங்களுக்கும் பொருந்தும். கொம்பனி உங்கள் மேல் வழக்குப் போட்டாலும் நீங்கள் ஆரம்பத்திலேயே ஒப்பந்தத்தில் உள்ள நடுத்தீர்ப்பு வாசகத்தைக் காட்டி எதிர்க்கலாம். அவர்கள் அச்சடித்த வாசகம் என்பதற்காக அது அவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

சரி, கையெழுத்து வைப்பதற்கு முன் என்ன செய்வது?

வாசகத்தைத் தேடுங்கள். அது முதல் பக்கத்தில் இருக்காது. விலை, தவணை, உத்தரவாதம் எல்லாம் முடிந்த பிறகு, கடைசி இரண்டு பக்கங்களில், "பிணக்குத் தீர்வு" என்ற அர்த்தத்தில் ஒரு தலைப்பின் கீழே நாலைந்து வரி இருக்கும். ஆங்கிலம் ஓடாவிட்டால் விற்கிற பிள்ளையிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "இதில் ஆர்பிட்ரேஷன் இருக்கிறதா? எந்தப் பக்கம்?" அந்தப் பக்கத்தை போனில் படம் எடுங்கள். அவசரப்படுத்தினால் ஒரு இரவு வீட்டுக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். நிதிக் கொம்பனிகளிடமும் வங்கிகளிடமும் தமிழ்ப் பிரதி கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். போனில் ஒரு பட்டனை அழுத்தி "ஏற்கிறேன்" என்று சொல்வதும் கையெழுத்து மாதிரித்தான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு, மின்னணு முறையில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாது என்று தள்ள முடியாது.

வாசகம் கிடைத்ததும் நான் முதலில் பார்ப்பது நடுத்தீர்ப்பாளரை யார் நியமிப்பது என்பதை. "கொம்பனி நியமிக்கும் ஒருவர்" என்று இருந்தால் அங்கேயே நில்லுங்கள். இரண்டு பேரும் சண்டை பிடிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் தீர்ப்பாளரைத் தெரிவு செய்வது நியாயமா? இந்தியாவில் இது பற்றி உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பால் லாபமோ நட்டமோ அடையக்கூடிய ஒரு பக்கம் தனியே நடுத்தீர்ப்பாளரை நியமிக்க முடியாது என்று 2019இல் ஒரு தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே, ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு இருந்தாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். தமிழ்நாட்டு யூடியூப் வீடியோக்களில் இதைப் பார்த்துவிட்டு "எனக்கு இது செல்லாதாமே மிஸ்" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது அங்கத்தைய சட்டம். இலங்கை நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. நமக்குப் பாதுகாப்பு கையெழுத்துக்கு முன்னால் நாம் கேட்டு வாங்குவதுதான்.

அடுத்தது எத்தனை பேர் என்பது. எண்ணிக்கை எழுதாவிட்டால் சட்டப்படி மூன்று பேர். மூன்று பேருக்குக் கட்டணம் என்றால் இரண்டு லட்சம் ரூபாப் பிணக்கில் மிச்சம் என்ன இருக்கும்? சின்ன ஒப்பந்தத்துக்கு ஒருவர் போதும், அதை எழுத வையுங்கள். இடம் கொழும்பாக இருக்கட்டும், கொம்பனியின் கட்டடமாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது. மொழியையும் எழுத வையுங்கள். அப்புறம் ஒன்று: சில ஒப்பந்தங்களில் கொம்பனிக்கு நீதிமன்றமும் திறந்திருக்கும், உங்களுக்கு நடுத்தீர்ப்பு மட்டும்தான். அதை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக்கச் சொல்லுங்கள்.

கேட்டால் மாற்றுவார்களா என்று நினைக்கலாம். 2023இல் எங்கள் குசினிக்கு பேன்ட்ரி அலுமாரி அடிக்க வெள்ளவத்தையில் ஒரு இடத்தில் கதைத்தோம். மொத்தம் 3,85,000 ரூபா, பாதி முற்பணம். ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் "பணிப்பாளர் நியமிக்கும் நடுத்தீர்ப்பாளரின் முடிவே இறுதியானது" என்று இருந்தது. நான் முதலாளியிடமே கேட்டேன். "தம்பி, உங்களுக்கும் எனக்கும் பிரச்சினை வந்தால் உங்களுடைய ஆள் தீர்ப்புச் சொல்வாரா?" அவர் அந்த வரியை அதுவரை வாசித்ததே இல்லை. வேறு யாருடையதோ ஒப்பந்தத்தைப் பார்த்து அடித்தார்களாம். அந்த வாசகத்தின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் இரண்டு பேரும் சிறு கையொப்பமும் திகதியும் போட்டோம். அவருடைய பிரதியிலும் போட்டோம். ஒரு பிரதியில் மட்டும் வெட்டினால் பிறகு பிரயோசனமில்லை. அலுமாரி நல்லபடியாக வந்தது. அதனால் அந்தப் பக்கம் தேவைப்படவில்லை.

முழுக்க வெட்ட மாட்டேன் என்றால், "இரு தரப்பும் இணங்கும் ஒருவர் நடுத்தீர்ப்பாளராக இருப்பார், 14 நாட்களுக்குள் இணங்காவிட்டால் மேல் நீதிமன்றம் நியமிக்கும்" என்று மாற்றக் கேளுங்கள். சின்ன வியாபாரிகள், மண்டபக்காரர், ஜிம், டியூட்டரி, வீடு திருத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். லீசிங், காப்புறுதி, டெலிபோன் கொம்பனிகளின் அச்சடித்த படிவத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டார்கள். அங்கே வாசகத்தோடு சண்டை பிடித்து நேரத்தைக் கழிக்காமல் முகவரியைப் பாருங்கள்.

முகவரியை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், நான் பார்த்த மோசமான கதைகள் எல்லாம் அங்கேதான் தொடங்கியிருக்கின்றன. ஒப்பந்தத்தில் எழுதிய முகவரிக்கு அனுப்பினால் அறிவித்தல் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி இருக்கும். கொழும்பில் வாடகைக்கு இருக்கிறவர்கள் இரண்டு வருஷத்துக்கொருமுறை வீடு மாறுகிறார்கள். லீஸ் நாலு, ஐந்து வருஷம் ஓடுகிறது. கடிதம் பழைய வீட்டுக்குப் போகும், புதிதாக வந்தவர்கள் எடுத்து ஓரமாக வைப்பார்கள், அல்லது தபால்காரர் திருப்பிக் கொண்டுபோவார். வீடு மாறிய கிழமையிலேயே புதிய முகவரியை எழுத்தில், பதிவுத் தபாலில் அறிவியுங்கள். கிளையில் போய் வாயால் சொன்னது கணக்கில் வராது. தபால் கந்தோர் பற்றுச்சீட்டை ஒப்பந்தத்தோடு குத்தி வையுங்கள். பிணை நின்றவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கடிதம் அவர்களுக்கும் போகும்.

பிணக்கு வந்துவிட்டது, இன்னும் நடுத்தீர்ப்பு தொடங்கவில்லை என்று வையுங்கள். செலவில்லாத கதவுகளை முதலில் தட்டுங்கள். நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு பேசுவது நீதிமன்றத்தைப் பற்றி. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை நீதிமன்றம் இல்லை. ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு இருக்கிறது என்பதற்காக அங்கே முறைப்பாடு எழுதும் உரிமை உங்களை விட்டுப் போகாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு: பொருள் விற்ற அல்லது சேவை தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில். இந்த மூன்று மாதத்தைத்தான் ஆட்கள் விடுகிறார்கள். "நாளைக்குச் செய்து தருகிறோம்" என்று கடைக்காரர் சொல்ல, அவர் பேச்சை நம்பி மாதங்கள் போய்விடும். கடைக்காரரோடு கதைத்துக்கொண்டே முறைப்பாட்டையும் போட்டு வையுங்கள், இரண்டும் ஒன்றாகப் போகலாம். அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு, பாவனையாளருக்குத் தரும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் உண்டு என்கிறது. முறைப்பாட்டில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். தலைமை அலுவலகம் கொழும்பு 2, வொக்ஷோல் வீதியில். தொலைபேசி 1977. தமிழில் எழுதலாம், அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுவது அரசியலமைப்பு தந்த உரிமை.

டெலிபோன், இன்டர்நெட் என்றால் எல்விட்டிகல மாவத்தையில் உள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1900. வங்கி, லீசிங் என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், 1935. காப்புறுதிக்குத் தனியாக ஒரு குறைகேள் அதிகாரி இருக்கிறார். இவை எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை, முதலில் கொம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு செய்துவிட்டு அதன் பிரதியோடு போங்கள். இல்லாவிட்டால் "அவர்களுக்கு எழுதினீர்களா" என்றுதான் முதல் கேள்வி வரும்.

இனி, அந்தக் கடிதம் வந்துவிட்டால்.

உறையை எறிய வேண்டாம். தபால் முத்திரை குத்திய திகதி உறையில்தான் இருக்கும், கடிதத்தில் உள்ள திகதிக்கும் அதற்கும் பத்துப் பன்னிரண்டு நாள் வித்தியாசம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்குக் கிடைத்த நாளை உறையின் பின்னால் பேனையால் எழுதுங்கள். பிறகு கடிதத்தில் அடுத்த அமர்வுத் திகதியைத் தேடி அதன் கீழே கோடு போடுங்கள்.

போகாமல் விட்டால் நின்றுபோகும் என்று நினைக்க வேண்டாம். போதிய காரணம் காட்டாமல் நீங்கள் வராவிட்டால், இருக்கிற ஆவணங்களை வைத்தே தீர்மானிக்க நடுத்தீர்ப்பாளருக்குச் சட்டம் இடம் தருகிறது. அங்கே இருப்பது கொம்பனியின் கணக்கு மட்டும்தான். நீங்கள் கட்டிய தவணைப் பற்றுச்சீட்டு உங்கள் வீட்டு லாச்சியில் கிடக்கும்.

அதனால் பதில் எழுதுங்கள். நான் தட்டச்சுச் செய்து கொடுக்கும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"தங்களின் கடிதம் இன்ன திகதியில் எனக்குக் கிடைத்தது. இந்த விடயத்தில் எனது பக்கத்தை முன்வைக்க விரும்புகிறேன். இக்கடிதத்தைத் தங்களின் நியமனத்தையோ அதிகாரத்தையோ நான் ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது. கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் முழுப் பிரதி, கோரிக்கை அறிக்கை, எனது கணக்கின் முழு விபரம் ஆகியவற்றைத் தயவுசெய்து அனுப்பி வைக்கவும். தாங்கள் இந்த நிறுவனத்தின் வேறு விடயங்களில் நடுத்தீர்ப்பாளராகவோ சட்டத்தரணியாகவோ செயற்பட்டுள்ளீர்களா என்பதை அறியத் தரவும். எனக்கு ஆங்கிலம் சரளமாக விளங்காது, தமிழில் மொழிபெயர்ப்பு வசதி வேண்டும். ஆவணங்கள் கிடைத்த பின் பதில் அளிக்க நியாயமான கால அவகாசம் தரவும்."

பதிவுத் தபாலில் நடுத்தீர்ப்பாளருக்கு ஒன்று, கொம்பனிக்கு ஒன்று. மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதற்கும். கொம்பனியோடு உள்ள தொடர்பைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தன் நடுநிலையில் சந்தேகம் எழக்கூடிய விஷயம் ஏதும் இருந்தால் நடுத்தீர்ப்பாளர் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எதிர்ப்பு இருந்தால் தொடக்கத்திலேயே எழுத்தில் தெரிவியுங்கள். ஆறு அமர்வுக்குப் போய்விட்டு ஏழாவதில் சொன்னால் யார் கேட்பார்கள்?

அமர்வுக்குப் போகும்போது பற்றுச்சீட்டுகளைத் திகதி வரிசையில் அடுக்கி, இரண்டு போட்டோ கொப்பிப் பிரதிகளோடு போங்கள். மூலப் பிரதியைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். தம்பியும் நான் சொன்ன இந்தப்படியேதான் செய்தான். முதல் அமர்வு தவறிப்போனாலும் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை. அன்றிரவே கடிதம் அடித்து மறுநாள் காலையில் தபாலில் போட்டோம். அவனுடைய லாச்சியிலிருந்து எடுத்த இரண்டு பற்றுச்சீட்டுகள், 31,400 ரூபா, கொம்பனியின் கணக்கில் ஏறவே இல்லை. தண்ட வட்டியும் அதன் மேல் ஏறியிருந்தது. மூன்று அமர்வு போனான், ஒவ்வொன்றுக்கும் அரைநாள் உழைப்பு போனது. கடைசியில் கணக்கைத் திருத்தி, மிச்சத்தைப் பதினான்கு தவணையாகக் கட்ட இணங்கினார்கள். ஓட்டோ அவனிடம்தான் இருக்கிறது.

எல்லாருக்கும் அப்படி நடக்கவில்லை. மட்டக்குளியிலிருந்து வந்த ஒரு அம்மா, மகனுக்குப் பிணை நின்றவர், கையில் தீர்ப்போடுதான் வந்தார். தீர்ப்பு வந்து ஐந்து மாதம். நடுத்தீர்ப்பாளரின் தீர்ப்பை இரத்துச் செய்யக் கேட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் தீர்ப்புக் கிடைத்து 60 நாட்களுக்குள் போக வேண்டும். காரணங்களும் மிகக் குறைவு. அறிவித்தல் சரியாகத் தரவில்லை, பக்கத்தைச் சொல்ல இடம் தரவில்லை, ஒப்பந்தத்தில் இல்லாததைத் தீர்மானித்தார், நியமனம் ஒப்பந்தப்படி நடக்கவில்லை என்ற மாதிரி. "தீர்ப்புப் பிழை" என்பது மட்டும் காரணமாகாது. கொம்பனிக்கோ அந்தத் தீர்ப்பை நீதிமன்றத்தில் பதிந்து அமுல்படுத்த ஒரு வருஷமும் பதினான்கு நாளும் இருக்கிறது. அதனால் தீர்ப்பு வந்து சில மாதம் ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதியை நம்பித்தான் அந்த அம்மா இருந்துவிட்டார். அவருக்கு எங்களால் செய்ய முடிந்தது, தவணையாகக் கட்டக் கேட்டு ஒரு கடிதம் மட்டும்.

வெளிநாட்டு ஆப்களைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து இந்த வாசகம் எங்கும் பரவியிருக்கிறது, நீங்கள் போனில் போடும் பல ஆப்களில் அது இருக்கும். சிலவற்றில் முதல் 30 நாட்களுக்குள் எழுதி அறிவித்தால் அதிலிருந்து விலகலாம், அந்த வரியைத் தேடிப் பாருங்கள். கனடாவில் ஊபர் ஈட்ஸுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒருவர் வழக்குப் போட்டபோது, ஒப்பந்தப்படி நெதர்லாந்தில் நடுத்தீர்ப்புக்குப் போக வேண்டும் என்றார்கள். தொடங்கவே 14,500 அமெரிக்க டொலர் கட்டணம். 2020இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்த வாசகம் செல்லாது என்றது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆப்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகளும் எந்த ஊரில், எவ்வளவு கட்டணத்தில் என்ற இரண்டையும் பார்த்துவிட்டு அந்தப் பட்டனை அழுத்த வேண்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். புதுக்கடையில், நீதிமன்றக் கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவதற்கென்றே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைத்தது. போகும்போது அடையாள அட்டை, வருமானத்துக்கு கிராம உத்தியோகத்தரின் கடிதம், ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கமும், பற்றுச்சீட்டுகள், வந்த கடிதங்கள் அவற்றின் உறைகளோடு, நீங்கள் அனுப்பியவற்றின் பிரதி, பதிவுத் தபால் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பைலில் கொண்டுபோங்கள். காலையில் நேரத்தோடு போங்கள், பின்னேரத்தில் வரிசை நீளும்.